படகை மலைக்கு இழுத்துப் போனது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். நம் வடகரப்பதி வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஆளுக்கு ஒரு பயணம் எழுத வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் பழனி, ராமேசுவரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் போன இடம் மூணாறு. சும்மா போகவில்லை, ஒரு படகை ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். பிழைகளைப் படியெடுப்பவர் திருத்திக்கொள்ளட்டும்.

1974 தை மாதம் அது. மாட்டுவண்டியும் டிராக்டர் டிரெய்லரும் செய்கிற பட்டறை எனக்கு. என் மனைவி ருக்குமணிக்கு ஒரே தம்பி, மயில்சாமி. அவன் மூணாறில் பாக்கியம் அம்மாள் என்பவரின் விடுதியில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் தேயிலைத் தோட்டத்துக் கூலி வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது மூணாறு பஜாரில் எட்டு அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறார். மாட்டுப்பட்டி அணையில் சுற்றுலாக்காரர்களுக்குப் படகு விட வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டு பேர் உட்காரும் மோட்டார் படகு ஒன்றை மலம்புழையில் ஒருவரிடம் வாங்கி, லாரியில் வைக்கோலை மெத்தை போலப் பரப்பி அதன் மேல் வைத்து என் பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

"தெனமும் சாயங்காலம் தண்ணிய விட்டு ஏத்தி விடுதில கொண்டாந்து பூட்டணும் அண்ணாச்சி. அதுக்குத் தோதா கீழ ஒரு வண்டி செஞ்சு குடுங்க. திங்கக்கெழம காலைல அனுமதி குடுக்குத ஆபீசர் வாராரு. அவரு வரும்போது நம்ம போட்டு தண்ணில நிக்கணும். இல்லன்னா அந்த எடம் வேற ஆளுக்குப் போயிரும். அந்த ஆளு இப்பவே ரெண்டு போட்டுக்குப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கான்" என்றார்.

நான் தலையாட்டினேன். புதியவர்களிடம் எனக்குப் பேச்சு வராது.

"என்ன அண்ணாச்சி, வாயில கொழுக்கட்டையா?"

"அவரு அப்படித்தானுங்கம்மா. இரும்புகிட்ட மட்டுந்தான் பேசுவாரு" என்றான் மயில்சாமி.

வண்டியை வெள்ளிக்கிழமை முடித்தேன். பழைய காரின் அச்சு, அதன் மேல் வில் பட்டைகள், சானல் இரும்பில் சட்டம், இரண்டு ஜீப் சக்கரங்கள். படகின் வயிறு உட்காரும் இடத்தில் இரண்டு மரக்கட்டைகளைப் படகின் வளைவுக்குச் செதுக்கி, பழைய டயரை அறுத்து மேலே அடித்தேன். முன்னால் படகின் மூக்கை நிறுத்தி வைக்க ஒரு இரும்புக் கம்பம். நீண்ட ஏர்க்கால், அதன் நுனியில் வளையம். அந்த வளையம் ஜீப்பின் பின்கொக்கியில் விழும். கொக்கி விட்டுப்போனாலும் வண்டி தனியாக ஓடிவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் சங்கிலி போட்டேன்.

"சங்கிலி எதுக்குங்க மச்சான்? யானையா?" என்று மயில்சாமி சிரித்தான்.

படகை ஏற்றி, கயிறு போட்டு இறுக்கியபின் ஏர்க்கால் நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தேன். தூக்க வந்தது. எனக்கு நிறைவாக இருந்தது. மாட்டுவண்டியில் பாரம் ஏற்றும்போது முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். இரண்டு விரலில் எழும்புகிற வண்டியைத்தான் நல்ல வண்டி என்போம்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பாக்கியம் அம்மாள் முன் இருக்கையில். நான் ஜீப்பின் பின்புறம், படகைப் பார்த்தபடி. ருக்குமணி கட்டுச்சோற்றை என் மடியில் வைத்து, தம்பிக்குக் கேட்காமல் சொன்னாள்.

"அவன் வேகமாத்தான் ஓட்டுவானுங்க. நீங்கதான் சொல்லோணும். வாய மூடிட்டு உக்காந்துக்காதீங்க."

மற்றவர்கள் போகும் ஊரைப் பார்த்துப் போக, நான் மட்டும் விட்டு வந்த வழியையே பார்த்துக்கொண்டு போனேன். நடுவில் அந்த வெள்ளைப் படகு. ஒவ்வொரு குழியிலும் அது மூக்கை ஆட்டியது. கயிறு தளர்ந்ததா, சக்கரம் சாய்கிறதா என்று என் கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கோபாலபுரம் செக்போஸ்டில் நிறுத்தியபோது கீழே குதித்து இரண்டு சக்கரத்தின் நடுக் குடத்தையும் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

காவலர் படகைச் சுற்றி வந்து, "இது எங்கோட்டா?" என்றார்.

"மூணாறுக்குங்க."

"வெள்ளத்தில் போகேண்டது மலை கேறுன்னோ!" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே சாலைத் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டார். தண்ணீரில் போக வேண்டியது மலை ஏறுகிறதே என்று அவருக்கு ஆச்சரியம்.

பொள்ளாச்சியில் தேநீர் இருபது பைசா. சந்தைக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு பெரியவர் படகைத் தட்டிப் பார்த்து, எத்தனை மூட்டை பிடிக்கும் என்று கேட்டார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கூட்டம் பார்க்கும்போது என் வேலையில் ஏதோ குறை தெரிகிற மாதிரியே இருந்தது.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை முப்பது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் புளியமரம், வழி நேர்கோடு. மயில்சாமிக்குக் கால் சும்மா இருக்குமா? ஜீப்பின் பழைய மீட்டர் மைல் கணக்கு. முள் முப்பதைத் தாண்டியிருக்கும். படகின் பின்பக்கம் மெதுவாக இடது பக்கம் போவதைப் பார்த்தேன். பிறகு வலது பக்கம். மறுபடி இடது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாகப் போனது, நாய் வாலை ஆட்டுவது போல. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ருக்குமணி சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் சத்தம் வரவில்லை. அதற்குள் ஜீப்பின் பின்பக்கத்தையே அது பிடித்து உலுக்க ஆரம்பித்துவிட்டது. எதிரே தேங்காய் மட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது.

"பிரேக்க மிதி!" என்று கத்தினார் பாக்கியம் அம்மாள்.

"மிதிக்காதே! கால மட்டும் எடு!"

அந்தக் குரல் என்னுடையதுதான். பிரேக் பிடித்தால் பின்வண்டி ஜீப்பைக் குறுக்கே திருப்பித் தள்ளிவிடும். மயில்சாமி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். டிரெய்லரின் சக்கரம் மண்ணில் இறங்கி ஏறியது. மாட்டுவண்டிக்காரர் மாடுகளை ஒதுக்கிக்கொண்டு நின்றார். படகு அவருடைய மட்டைகளை உரசி இரண்டு மட்டைகளைத் தள்ளிவிட்டது. மெதுவாக, மெதுவாக ஆட்டம் அடங்கி ஒரு புளியமரத்தின் கீழ் நின்றோம். மாடுகளுக்கு ஒன்றும் இல்லை. வண்டிக்காரர் எங்களைப் பார்த்து, "தண்ணி இல்லாத ஊருல ஏனுங்க படகு ஓட்டறீங்க?" என்று கேட்டுவிட்டு மட்டைகளைப் பொறுக்கினார். நானும் பொறுக்கிக் கொடுத்தேன். 

மயில்சாமி டயரில் காற்றுப் பார்த்தான். சரியாக இருந்தது. பேரிங்கை ஆட்டிப் பார்த்தேன். அதுவும் சரி.

"எல்லாஞ் செரியா இருந்தா அப்பறம் எதுக்கு ஆடுது? நாந்தான் இருவது தடவ பாத்தனே, நீங்க ரெண்டு வெரல்ல தூக்குனீங்க" என்றான்.

"கழுத்துல பாரம் விழுகக் கூடாதில்ல மாப்ள."

"யாரு கழுத்துல? ஜீப்புக்கு எங்கீங்க மச்சான் கழுத்து இருக்குது? புண்ணு வந்துருமா?"

பாக்கியம் அம்மாள் அந்தப் பதற்றத்திலும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. ஏர்க்காலை மறுபடி தூக்கிப் பார்த்தேன். இரண்டு விரலில் வந்தது. படகின் பின்னால் தொங்கிய மோட்டாரைப் பார்த்தேன். இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம், கடைசி நுனியில். மாடு நடக்கிற வேகத்துக்கு அது சரி. முப்பது மைல் வேகத்தில் முன்னால் அழுத்தம் இல்லாத வண்டி பின்பாரம் இழுத்த பக்கமெல்லாம் போகும். மாட்டுக்கு இரக்கப்பட்டுப் பழகிய கை, இரும்புக்கும் இரக்கப்பட்டுவிட்டது.

மோட்டாரைக் கழற்றி, சாக்கு சுற்றி, ஏர்க்காலின் மேல் வைத்துக் கட்டினோம். மூக்கு நிற்கும் கம்பத்தின் பிடிகளைத் தளர்த்தி ஒன்றரை அடி முன்னால் நகர்த்தினேன். படகையும் அவ்வளவு முன்னால் இழுத்தோம். மரக்கட்டைகளைப் படகின் புது இடத்துக்கு ஏற்ப மாற்றிப் பிணைப்பதற்குள் பிற்பகல் ஆகிவிட்டது. கடைசியில் ஏர்க்காலை இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்துத்தான் தூக்க முடிந்தது.

"இப்ப மாடா இருந்தா படுத்துரும்" என்றான் மயில்சாமி.

பாக்கியம் அம்மாள் சாலைக்கும் மரத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். "சாயங்காலத்துக்குள்ள சின்னாறு காட்டைத் தாண்டிரலாம்லா? மலைல ரெண்டு மணி நேரம் சேத்து வெச்சாலும் ராத்திரி வீட்டுக்குப் போயிரலாம்."

உடுமலையிலிருந்து மூணாறு எண்பத்தைந்து கிலோமீட்டர். பாதிக்கு மேல் காடும் மலையும். இருட்டில் யானை நிற்கும் வழி. மயில்சாமி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இன்னிக்கு மலை ஏற வேண்டாமுங்க" என்றேன்.

"என்ன சொல்லுதிய? திங்கக்கெழம காலைல..."

"நாளைக்குப் பகல் முழுக்க இருக்குதுங்க. மீட்டர்ல இருவதுக்கு மேல போனா நான் எறங்கி நடந்தே வாறனுங்க. இது என் கை கட்டுன வண்டி. ஓட்டறது எம் பொண்டாட்டிக்கு இருக்கிற ஒரே தம்பி."

அத்தனை நீளமாக நான் வெளியாரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாள் விடுவிடுவென்று போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். உடுமலை வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். ஆனால் படகு ஆடவில்லை. தோளில் கை போட்டு நடப்பது போல ஜீப்பின் பின்னாலேயே வந்தது. உடுமலையில் ஒரு லாட்ஜில் தங்கினோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. கையில் மிச்சம் ஒரே நாள், மலை முழுவதையும் அதற்குள் ஏறும்படி என் பேச்சால் செய்துவிட்டேனே என்று புரண்டுகொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை சின்னாறு. அங்கிருந்து மறையூர் வரை மெல்ல ஏற்றம். மறையூரில் கரும்பு ஆலைக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சும் வாசனை. சக்கரக் குடங்களைத் தொட்டேன், வெயிலில் கிடந்த பாத்திரம் அளவுக்குத்தான் சூடு. அதற்கு மேல்தான் உண்மையான ஏற்றம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் இறங்கி, லாரி கிளீனர்கள் வைத்திருப்பது போன்ற ஆப்புக் கட்டையோடு டிரெய்லரின் பின்னால் நடந்தேன். ஒரு வளைவில் ஜீப் மூச்சு முட்டி நின்று, ஒரு முழம் பின்னால் வந்தது. கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். நின்றது. கீழே பள்ளத்தில் தேயிலை, அதற்கும் கீழே வெள்ளை மேகம். மேகத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

"கட்ட இருக்குங்களா மச்சான்?"

"இருக்குது. முதல் கியர்ல எடு. அவசரமில்ல."

அவசரமில்லை என்று நான் சொன்னதைக் கேட்டு பாக்கியம் அம்மாள் பெருமூச்சு விட்டார். பிறகு அவரும் இறங்கி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கல்லைத் தூக்கி மறு சக்கரத்துக்குப் பின்னால் பிடித்தபடி என்னோடு நடந்து வந்தார். "லயத்துல தண்ணிக்கொடம் சொமந்த கைதான் அண்ணாச்சி" என்றார். அதன்பின் எங்களுக்குள் கோபம் இல்லை.

சங்கிலி வழி முழுவதும் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. அதற்கு ஒரு தடவையும் வேலை வரவில்லை. மூணாறு பஜாருக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை அங்கிருந்து பதிமூன்று கிலோமீட்டர் போய் மாட்டுப்பட்டி. படகைத் தண்ணீரில் இறக்க ஜீப்பைப் பின்னால் ஓட்டும்போது, ஸ்டீயரிங்கைத் திருப்பியதற்கு எதிர்ப்பக்கம் டிரெய்லர் போகும். மயில்சாமி மூன்று தடவை கரையில் மாட்டிக்கொண்டான். பிறகு என் கைச் சைகையைப் பார்த்து இறக்கினான். படகு தானாகவே கட்டையை விட்டு மிதந்து எழுந்தது. மோட்டாரை மாட்டி முடிக்கவும் ஆபீசரின் கார் வரவும் சரியாக இருந்தது.

அவர் படகைச் சுற்றிப் பார்த்து, ஒரு ஆளை ஏற்றி ஓட்டிக் காட்டச் சொன்னார். எல்லோரும் பாக்கியம் அம்மாளைப் பார்த்தோம்.

"நானா? ஆத்தாடி! தண்ணியப் பாத்தாலே எனக்குக் கிறுகிறுத்துரும். அண்ணாச்சி, நீங்க ஏறுங்க."

இத்தனை மலை கடந்து படகைக் கொண்டுவந்தவர் அதில் ஏற மாட்டாராம். எனக்கும் நீச்சல் தெரியாது. கரையில் எல்லோரும் பார்க்கிறார்கள். மறுக்கவும் வெட்கம், ஏறவும் வெட்கம். ஏறி, பயத்தில் மயில்சாமியின் காலோடு ஒட்டி, மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வேகம் எடுத்ததும் படகு மூக்கை வானத்துக்குத் தூக்கியது. பின்பக்கம் தண்ணீரில் அமுங்கியது. கரையில் ஆபீசர் கையை உயர்த்துவது தெரிந்தது.

"மச்சான், முன்பாரம் வேணுமுங்க! முன்னால போங்க!" என்று கத்தினான் மயில்சாமி.

நான் நாலு கால் பிராணி போலத் தவழ்ந்து முன்னால் போய், மூக்கின் அருகே குந்தினேன். படகு இறங்கித் தண்ணீரோடு சமமாகி ஓடியது. நேற்று முன்தினம் ஏர்க்காலில் வைத்த கனத்தை இப்போது நானே சுமந்து கொடுத்தேன். அந்தப் பயணத்தில் முதல் தடவையாக நான் முன்னால் பார்த்துப் போனேன். எதிரே மலை, தண்ணீர், குளிர் காற்று. கண்ணில் நீர் வந்தது, காற்றினால்தான் என்று நினைக்கிறேன்.

ஆபீசர் கையெழுத்துப் போட்டார். மயில்சாமிதான் படகு ஓட்டப் போகிறான் என்று பாக்கியம் அம்மாள் அங்கேயே சொல்லிவிட்டார்.

மறுநாள் தனியாகப் பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னலோர இருக்கை, வழி முழுக்கப் பார்க்கலாம். ஆனால் என் கழுத்து நொடிக்கொரு தரம் பின்னால் திரும்பியது. பின்னால் வர ஒன்றும் இல்லை. உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் அந்தப் புளியமரத்தைத் தேடினேன். எல்லா மரமும் ஒன்று போலவே இருந்தன. அங்கே மலைக் குளிரில் அட்டையும் பனியும், இங்கே நம் ஊரில் புழுதியும் பனைமரமும். இரண்டு ஊரிலும் நம் பேச்சுத்தான், ஆனால் அங்கே ஏற்றம் இறக்கம் இல்லாமல் பத்தடி நடக்க முடியாது. நம் சமதரையில் நடந்து பழகியவனுக்கு வேகத்தின் பயமும் தெரியவில்லை, பாரத்தின் பயனும் தெரியவில்லை.

வீட்டு வாசலில் ருக்குமணி முதலில் கேட்டது தம்பியைப் பற்றி.

"வேகமா ஓட்டுனானா?"

"ஓட்டுனான்."

"நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவள் நம்பாமல், "சத்தமாவா?" என்று கேட்டாள்.

வடகரப்பதி,
1976 மாசி 9.