பனங்கட்டி ரொட்டி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு எதிரே ஒரு பேக்கரி. கடைக்கார அக்கா, காலைச் சாப்பாட்டுக்கென்று தானே கண்டுபிடித்த இனிப்பு ரொட்டியைப் போறணை அடுப்பிலிருந்து சுடச்சுட வெளியே எடுக்கிறார். தேங்காய்ப்பூ ரொட்டிதான், நடுவில் மட்டும் பனங்கட்டித் துண்டு ஒன்று ஒளிந்திருக்கிறது.

என் மேசையில் எதிரே இருக்கும் ஆட்டோக்காரர் அந்தப் பனங்கட்டியைத் தோண்டி எடுத்து, அதைக் கடித்துக் கடித்துச் சீனி போடாத தேத்தண்ணீரைக் குடிக்கிறார். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த காரமான தேங்காய்ச் சம்பலைப் பிரித்து, மிச்ச ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுகிறார். மற்ற மேசைகளிலும் இதே வேலைதான்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நான் விடிய எழும்பி உள்ளுக்கு வைச்சுச் சுடுறன். உவை தோண்டி எடுக்கினம், பாருங்கோ தம்பி!"

"பனங்கட்டியைத் தனியாவே கொடுத்துடலாமே, அக்கா?" என்கிறேன்.

"பிறகு என்ரை ரொட்டியை ஆர் வாங்கிறது?"

கேட்டுவிட்டு என் தட்டைப் பார்க்கிறார். ரொட்டியின் நடுவில் ஓட்டை.