மேலிருந்து பார்த்த வீடு

வானத்திலிருந்து எடுத்த செய்மதி வரைபடத்தில் ஒரு வீட்டை நாம் உற்றுப் பார்த்தால், அங்கே இருப்பவர்களும் அண்ணாந்து நம்மைப் பார்ப்பார்கள் என்று நம்பியவன் நான். ஐம்பது தாண்டிய ஆள். மொன்றியலில் ஒழுங்காக வரி கட்டுகிறவன்.

நான் பார்க்க நினைத்தது யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டை. அவசரகாலச் சட்டம் இருந்த நாட்களில் ராணுவம் அதை யாரிடமிருந்தோ பறித்து முகாமாக்கியிருந்தது. என்னையும் அண்ணையையும் ஒன்றாகத்தான் அங்கே கொண்டுபோனார்கள். என்னை விட்டார்கள். அண்ணை வரவேயில்லை. இங்கே மே மாதத்தில் பூங்காவில் கூடிப் போரில் போன எல்லோருக்குமாக விளக்கேற்றுகிறோம். அண்ணைக்கென்று இருப்பது அந்த வீடு ஒன்றுதான். அது இன்னும் நிற்கிறதா?

பனி கொட்டிய ஒரு ஞாயிறு மத்தியானம். திரைச்சீலையை இழுத்து மூடினேன். கணினியின் கமராக் கண்ணில் மனைவியின் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டினேன். கைத்தொலைபேசியை அரிசி வாளிக்குள் புதைத்தேன். பிறகுதான் வரைபடத்தில் இறங்கத் தொடங்கினேன். கடல். உப்பு நிறத்தில் ஒரு கரை. மெல்ல மிதந்து வந்த ஓட்டுக் கூரை. பக்கத்தில் கறுப்பு வட்டமாகக் கிணறு. சத்தமே இல்லை. வெளியே பனி விழ, உள்ளே நான் விழுந்துகொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ, என்ரை பொட்டை ஏன் கொம்பியூட்டருக்கு வச்சனீங்கள்? அதையும் கட்டப் போறியளோ?" மனைவி பின்னால் நின்றாள்.

"உஷ்! மெல்லக் கதையும். அங்கை கேட்டிடும்."

மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நோன், இல்லை அப்பா! இது எப்பவோ எடுத்த படம்."

அவள் எதையோ தட்ட, நான் கூரையிலிருந்து தெருவுக்கு வந்துவிட்டேன். மதிலில் ஒரு நீல யானை பந்து விளையாடிக்கொண்டிருந்தது.

"கார்தெரி!" என்றாள் பிரெஞ்சில்.

பாலர் பாடசாலையாகியிருந்தது. முன்பு என்னவாக இருந்ததென்று சொல்ல ஒரு பலகையும் இல்லை.

"இதிலை ஆரும் படம் சேர்க்கலாம், அப்பா. பெரியப்பாவின்ரை படத்தைப் போடட்டே?"

எழும்பித் திரைச்சீலையை இன்னும் இறுக்கி மூடினேன். யார் போட்டதென்று கண்டுபிடிப்பார்கள், ஊரில் இருக்கும் அக்காவின் கதவைத் தட்டுவார்கள், இங்கேயும் ஆள் வரும் என்று அடுக்கினேன். கொஞ்சம் விட்டிருந்தால் கனடாவே ஆபத்தில் என்றிருப்பேன்.

மனைவி சிரிக்கவில்லை. "அவரை வேறை எங்கையப்பா வைக்கிறது?"

மகள் அண்ணையின் படத்தை எடுத்து வைத்தாள். கடைசிப் பொத்தானை நானே அழுத்தினேன். அழுத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

அக்காவிடம் யாரும் போகவில்லை. கோடையில் திரும்பப் பார்த்தபோது, அண்ணையின் படத்துக்குப் பக்கத்தில் இன்னோர் இளைஞனின் படம் இருந்தது. அதை யார் போட்டதென்று எங்களுக்குத் தெரியாது.