துணைக்கு ஒரு சிலேட்டு

மகள் ஜமீலாவுக்கு ஐந்து வயதானபோது சிம்மக்கல்லில் குடியிருந்தோம். ஜட்கா வண்டிகள் பறக்கும் தெருவில் பெண் பிள்ளையை ஒற்றையில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவள் தம்பியும் வளரட்டும், துணையோடு பள்ளிக்கூடம் போகட்டும் என்று ஒரு வருஷம் நிறுத்திவைத்தேன். மற்ற பிள்ளைகள் போவதை அவள் வாசலில் நின்று பார்ப்பாள். நான் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த வருஷம் இருவரையும் சேர்த்தோம். அந்த வாரமே தம்பிக்குக் காய்ச்சல்.

“இன்னைக்கு நீயும் போக வேணாம் தாயி,” என்றேன்.

அவள் அழவில்லை. உள்ளே போய்த் தம்பியின் சிலேட்டையும் எடுத்துவந்தாள்.

“இதையும் கொண்டு போறேம்மா. தம்பி கூட வர்ற மாதிரிதானே?”

அந்த ஒரு வருஷமும் எப்படி ஏங்கியிருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பியின் சிலேட்டை வாங்கிக்கொண்டேன்.

“இது எதுக்கு? நீ போயிட்டு வா.”

தெருமுனை வரை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. சிலேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற எனக்குத்தான் அன்று துணை தேவைப்பட்டது.