அசையாத அண்ணனும் மூன்று நிமிடச் சுருளும்

மலேசியாவின் ஈப்போவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில் எனக்கு, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் சொன்னதுதான் சட்டம். அதன் ஊசி காட்டாமல் விரலை அசைத்ததில்லை. கழுத்தில் மீட்டர் தொங்காவிட்டால் சட்டையில்லாமல் தெருவில் நிற்பதுபோல வியர்த்துக் கொட்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அங்கே கடைசிவரை பால்மரம் வெட்டிப் பால் எடுத்த அண்ணன், குடும்பத்தோடு கமுந்திங்குக்கு ஃபேக்டரி வேலைக்குக் கிளம்புகிறார். எனக்கென்று போய்வர இருந்தது அந்த ஒரு வீடுதான். அவர் மரம் வெட்டுவதையாவது ஓடும் படமாக வைத்துக்கொள்வோம் என்று, சின்ன சினிமா கேமராவோடு, அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் விடிந்ததும் போய் நின்றேன். கையில் ஒரே சுருள். மூன்று நிமிடத்துக்குமேல் ஓடாது.

கேமராவைத் தூக்கியதும் அண்ணன் உளியை நெஞ்சோடு பிடித்து, மூச்சடக்கி, ஐசி அடையாள அட்டைப் படத்துக்கு நிற்பதுபோல நின்றார்.

“அண்ணே, அசையுங்க.”

“அசைஞ்சா படம் கெட்டுப்போகும்லா.”

“இது சினிமாண்ணே.”

“என்னமோ இருக்கட்டும். ஆடாதீங்க, ஆடாதீங்கன்னு இத்தனை வருஷமா கத்துனது நீதானடா.”

பாதிச் சுருள் அவர் நின்றதிலேயே தீர்ந்தது. இலைகளுக்கிடையே வெயில் வந்து வந்து போனதில் மீட்டர் ஊசி ஆடியது. மீட்டரைக் கழுத்திலிருந்து கழற்றி மரத்தருகே நீட்டினேன். அது வியர்த்த கையிலிருந்து வழுக்கி, நேராகப் பால் வாளிக்குள் விழுந்தது.

நான் போட்ட கூச்சலில் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழங்கைவரை பாலுக்குள் கையை விட்டுத் துழாவி, வெள்ளை சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக் காட்டினார்.

“கல்யாணம் கட்டாமலே தாலியறுத்துட்டியேடா.”

அப்போதுதான் கவனித்தேன், என் விரல் கேமரா பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. வெளிச்சம், தூரம் எதையும் யோசிக்கவில்லை. சுருள் தீரும்வரை அவர் திரும்பிய பக்கமெல்லாம் திரும்பினேன்.

படம் கழுவி வந்த ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலில் போர்வை கட்டி, அறைச் சுவரில் ஓட்டினேன். கோணலாக, மண்டை பாதி வெட்டுப்பட்டு, அண்ணன் அண்ணனாகவே இருந்தார். அதற்குப்பிறகு நான் மீட்டர் வாங்கவில்லை.

ஆனால் அது ஊமைக் கேமரா. அவர் வாய் திறந்து குலுங்குகிறார், சத்தமில்லை. சத்தத்தை நாமே போடுவோம் என்று அந்த இடத்தில் சிரித்துப் பார்த்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த சீனர் தட்டி, உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன். மறுபடி ஓட்டினேன், இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு.