பாட்டுச் சீட்டு

என் தம்பி கிதார் வாசித்த அன்று நான் மேடையைப் பார்த்தது குறைவு. கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் கொட்டாவி விடுகிறார்கள், யார் கைப்பையைத் தேடி எடுக்கிறார்கள், யார் போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவுகிறார்கள் என்று கண் அலைந்தபடியே இருந்தது. நாற்காலியில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன், வந்தேன், மறுபடி போனேன்.

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. மாலையில் அங்கே ஒரு வரவேற்பு இருந்ததால், நாலு மணிக்குள் மேடையைக் காலி செய்துவிட வேண்டும் என்ற பேச்சில் சும்மா கொடுத்தார்கள். தம்பியோடு பாண்டியிலிருந்து இரண்டு நண்பர்கள் வந்திருந்தார்கள். ஒருவன் பேஸ் கிதார், இன்னொருவன் டிரம்ஸ். வாசிக்கப்போவது ப்ளூஸ் ராக் என்கிற மேல்நாட்டு கிதார் இசை. அந்தப் பெயரைப் போட்டால் ஈ காக்கை வராது என்று மண்டபத்து மேனேஜர் சொன்னதால், நோட்டீசில் ‘மாபெரும் கிதார் இசை நிகழ்ச்சி, அனைவரும் வருக’ என்று அடித்தார்கள். எங்கள் பக்கத்தில் இசை நிகழ்ச்சி என்றால், கோட்டு போட்ட ஒருவரும் ஜிகினா சேலை கட்டிய ஒருவரும் மாறி மாறிச் சினிமாப் பாட்டுப் பாடுவார்கள். வந்தவர்கள் எல்லாரும் அதற்குத்தான் வந்தார்கள்.

அந்த மாதிரிக் கச்சேரிகளில் சீட்டு கொடுப்பது வழக்கம். கேட்க நினைக்கும் பாட்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கீழே நம் பேரையும் ஊரையும் போட்டு மேடைக்கு அனுப்ப வேண்டும். பாடகர் அதை மைக்கில் படித்துவிட்டுப் பாடுவார். ஊர்ப் பேர் ஒலித்ததும் அந்தப் பக்கம் விசில் பறக்கும். சீட்டு வந்துகொண்டே இருந்தால் கச்சேரி களை கட்டிவிட்டது என்று கலைஞர்கள் தெம்பாக இருப்பார்கள். வராவிட்டால் முகம் தொங்கிவிடும்.

தம்பி ஆறு வருடம் விழுப்புரத்தில் அப்படி ஒரு குழுவில் வாசித்தவன். சீட்டுக்கு வாசித்து வாசித்து விரல் செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டு ஒரு நாள் விலகினான். அதற்கப்புறம் வீட்டு மாடியில் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு ஒரே கம்பியை இழுப்பதும் விடுவதுமாக மூன்று வருடம். பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் வந்து, “யாருக்குனா உடம்பு சரியில்லையா?” என்று கேட்டிருக்கிறார்.

எனக்குப் பொறுமை கிடையாது. அப்பா, அம்மா இருவரும் போன பிறகு அவனுக்கு நான்தான், எனக்கு அவன்தான். தாலுகா ஆபீசில் என் மேசைக்கு வருகிற எல்லாரும், “தம்பி இன்னா பண்றாரு?” என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு கசந்துவிட்டது. கூட வேலை செய்கிறவரின் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம் வைத்திருக்கிறார். அவரிடம் கெஞ்சி ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன். தம்பி பிடி கொடுக்கவே இல்லை. கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது அவனே ஆரம்பித்தான்.

“சீட்டு வந்தா நீ வாங்கிக்கோக்கா. சினிமாப் பாட்டு கேட்டா மேல அனுப்பாத. நாங்க வாசிச்சதையே யாராச்சும் இன்னொரு தபா கேட்டா, அத்த மட்டும் அனுப்பு.”

“அப்பிடி எவன்டா கேப்பான்?”

“ஒருத்தன் கேட்டா போதும். ஒரே ஒரு சீட்டு. நான் பாட்டுக்கு இப்பிடியே இருந்துடுவேன். வரலன்னா நாளைக்குக் காலைல ஷோரூமுக்கு வர்றேன்னு சொல்லிடு. அப்பறம் கிதாரைப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்.”

சரி என்றேன். திண்டிவனத்தில் யாராவது ப்ளூஸ் பாட்டை ஒன்ஸ்மோர் கேட்கவா போகிறார்கள் என்று மனசுக்குள் ஷோரூமுக்குப் போட வேண்டிய சட்டையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

மூன்று பேரும் ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியும் அது ஆரம்பம் என்று யாருக்கும் தெரியவில்லை. பாட்டு இல்லை, பாடகி இல்லை, வணக்கம்கூட இல்லை. சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்கிறார்கள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பின்வரிசையில் ஒரு அம்மா, “இன்னும் டெஸ்டிங்தான் பண்ணிக்கினு இருக்காங்களா? ஜல்தியா ஆரம்பிக்கச் சொல்லுங்கப்பா” என்றார். தம்பி ஒரு கம்பியை இழுத்து அப்படியே நிறுத்தினான். ஸ்பீக்கர் ஊளையிட்டது. மண்டபத்து ஜெனரேட்டர் ஆள் ஏதோ எரிந்துவிட்டது என்று ஸ்க்ரூடிரைவரோடு ஓடிவந்தார். முதல் உருப்படி முடிந்தபோது கைதட்டியது மூன்று பேர். அதில் ஒருத்தி நான். எனக்குக் காது எரிந்தது, வெட்கத்தில்.

இரண்டாவது மெதுவானது. பஸ்ஸைத் தவறவிட்டவன் பாடுவதுபோல் தம்பியே எழுதிய நாலு வரி, அதையும் முணுமுணுப்பாகத்தான் பாடினான். மற்றதெல்லாம் கிதார். எனக்கு இசை தெரியாது. ஒருவர் தன் குறையைச் சொல்ல வந்து, பாதியில் நிறுத்தி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி சொல்வதுபோல் இருந்தது என்று மட்டும் சொல்லத் தெரியும். வழக்கம்போல் கூட்டத்தைப் பார்த்தேன். யாரும் போனைப் பார்க்கவில்லை. அதுவரை ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொண்டிருந்த நர்சிங் படிக்கும் பெண்கள் நால்வரும் வாயை மூடிவிட்டார்கள். காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர், முன்னால் இருந்த நாற்காலியின் முதுகில் விரலால் தாளம் போட்டார். அதில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காதில் விரலை விட்டுக்கொண்டிருந்த ஒருவர் விரலை எடுத்துவிட்டார்.

எனக்குப் பக்கத்தில் மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர். மாலை வரவேற்புக்கு வந்தவர், நேரம் தெரியாமல் மத்தியானமே வந்து சேர்ந்துவிட்டார். மடியில் அவித்த மல்லாட்டைப் பொட்டலம்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எனக்கும் இரண்டு தடவை நீட்டியிருந்தார். இரண்டாவது உருப்படி பாதி ஓடியபோது அவர் மெல்வதை நிறுத்திவிட்டதைக் கவனித்தேன். வாயில் போட்டது கன்னத்தில் அப்படியே இருந்தது. முடிந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“யம்மா, பேனா இருந்தா குடும்மா.”

மல்லாட்டைப் பொட்டலத்துக் காகிதத்தின் ஒரு ஓரத்தைக் கிழித்து, முழங்காலில் வைத்து நிதானமாக எழுதினார். ‘ரெண்டாவதா வாசிச்சது, அழுவுற மாதிரி இருந்ததே, அது திரும்பவும் வேண்டும்.’ கீழே தன் பேர், ஊர். என் கையில் கொடுத்துவிட்டு, நல்லபடி ஒரு காரியம் முடித்தவர்போல் சாய்ந்து உட்கார்ந்தார்.

மேடை எனக்கு நாலு எட்டு தூரம். போய் நீட்டியிருந்தால் முடிந்தது. எழுந்தேன். அப்புறம் தண்ணீர் இருக்கும் பக்கம் போனேன். அங்கே நின்று மறுபடி படித்தேன். எனக்கும் அந்தப் பாட்டு பிடித்திருந்தது. அதுதான் ஆத்திரம். பிடிக்காமல் இருந்திருந்தால் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேனோ என்னவோ. இதைக் கொடுத்தால் இன்னும் மூன்று வருடம் மாடியில் அந்தக் கம்பி ஊளையிடும், இன்னும் மூன்று வருடம் நான் தாலுகா ஆபீசில் எதையாவது சொல்லி மழுப்ப வேண்டும், அவனுக்குத் தலை நரைக்கும், எனக்கும் நரைக்கும். எனக்குப் பயமாக இருந்தது. களைப்பாக இருந்தது. சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டேன்.

அதற்கப்புறம் சீட்டுகள் வந்தன. சினிமாப் பாட்டு கேட்டு நாலைந்து. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஒன்று. ஆட்டோக்காரர் பஸ் டிக்கெட்டின் பின்னால், ‘முன்ன வாசிச்ச ஸ்லோ பாட்டு, ஒன்ஸ்மோர்’ என்று எழுதி அனுப்பினார். நர்சிங் பெண்கள் நாலு பேர் பேரும் போட்டு, அதே பாட்டைக் கேட்டு, பக்கத்தில் ஒரு இதயம் வரைந்திருந்தார்கள். எல்லாவற்றையும் வாங்கினேன், எல்லாவற்றையும் உள்ளே போட்டேன். ஒவ்வொரு உருப்படி முடியும்போதும் தம்பி என் கையைப் பார்த்தான். நான் உதட்டைப் பிதுக்கினேன். ஒவ்வொரு தடவையும் அவன் அடுத்ததை முன்னைவிட வேகமாக, முன்னைவிட உரக்க ஆரம்பித்தான். கூட்டம் அதற்கும் கைதட்டியது. இப்போது மூன்று பேர் இல்லை, பாதி மண்டபம். ஆனால் சீட்டில் வளர்ந்தவனுக்குக் கைதட்டல் காதில் ஏறாது.

பெரியவர் இரண்டு தடவை என்னைப் பார்த்தார். மூன்றாம் தடவை கேட்டே விட்டார்.

“குடுத்தியாம்மா?”

“குடுத்துட்டேங்க.”

“அப்ப ஏன் வாசிக்க மாட்றாரு?”

“நேரம் இல்லியாம்.”

அவர் மேடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி, நம்மள மாதிரி ஆளு கேட்டா வாசிப்பாங்களா, பெரிய ஆளுங்க” என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தைச் சுருட்டினார். அதற்கப்புறம் அவர் கைதட்டவில்லை. நான் எழுந்து வாசலுக்குப் போய், வெயிலில் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு, கடைசி உருப்படி முடியும் வரை வெளியிலேயே நின்றேன்.

நாலரை மணிக்கு விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரம் கிதார், நடுவில் தம்பி, இந்த ஓரம் நான். அவன் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஊர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினான். என் கைப்பையை நான் மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

“ஒண்ணுகூட வரலியாக்கா?”

“வந்துச்சுடா. எல்லாம் சினிமாப் பாட்டுதான்.”

“உன் பக்கத்துல ஒரு பெரியவரு மல்லாட்ட தின்னுக்கினு இருந்தாரே. அவரு முட்டி மேல வெச்சி எழுதினத நான் மேல இருந்து பாத்தேன். அவரு இன்னா கேட்டாரு?”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். பையைத் திறந்தால் போதும்.

“அவரும் சினிமாப் பாட்டுதான் கேட்டாரு.”

தம்பி சிரித்தான். “நான் தப்பா ஒரு கணக்கு போட்டுட்டேன்க்கா. அந்த ஸ்லோ பாட்டு முடிஞ்சதும் அவரு மூஞ்சியத் தொடச்சாரு பாரு, அவருக்குப் புடிச்சிப்போச்சின்னு நெனச்சிக்கினேன். அதுக்கப்பறம் பூரா அவரப் பாத்தேதான் வாசிச்சேன். போவப் போவ மனுசன் மூஞ்சி சுருங்கிடுச்சி.” கிதாரை ஜன்னல் பக்கம் சாய்த்துவிட்டு, “நல்லவேளை, நீ வந்த. வேற யாருனா இருந்தா என் மனசு நோவக் கூடாதுன்னு பொய் சொல்லியிருப்பாங்க” என்றான்.

மறுநாள் நான் எழுப்பவில்லை. ஆறு மணிக்கே குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, வாசலில் நின்றான். ஷோரூமில் இப்போது அவன்தான் சேல்ஸ் மேனேஜர். வேலையில் கெட்டிக்காரன் என்று முதலாளி சொல்கிறார். கல்யாணம் ஆகி, பெண் குழந்தை ஒன்று. வாக்குக் கொடுத்தபடி கிதாரைப் பற்றி அதற்கப்புறம் அவன் வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் மட்டும் என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, “எங்கக்கா மட்டும் அன்னிக்கு உண்மையச் சொல்லலன்னா நான் உருப்பட்டிருக்கவே மாட்டேங்க” என்கிறான்.