காஜா பாய் விற்காத ஆட்டம்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ரஹ்மத் போன் செய்தாள். “மாமா, வாப்பா மவுத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்குப் பொறவு அடக்கம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ரஹ்மத், காஜா மைதீன் பாயின் ஒரே மகள். நெல்லைச் சீமையில் கால்பந்து பார்த்தவர்களுக்குக் காஜா பாய் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேலப்பாளையத்தில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் விசில் ஊதியவர். இருபது வருடத்துக்கு மேல் அவர் நடுவராக நின்ற ஆட்டங்களில் கொடி பிடித்து எல்லைக்கோட்டில் ஓடியவன் நான், நெல்லையப்பன்.

மையவாடியில் மண் போட்டுவிட்டு வெளியே வந்து செல்போனைப் பார்த்தால், அதற்குள் ஒரு பிளெக்ஸ் தயாராகி வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு மேற்கே உள்ள ஓர் ஊரின் போட்டிக் கமிட்டி அடித்தது. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன், அவர்களுக்கே தெரியும். பாயின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே “எங்கள் கோப்பைக்குத் துணை நின்ற எங்கள் ஊர் நடுவர்” என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை ரோட்டில் எறிந்திருப்பேன். ஒரு நடுவரை ‘எங்கள் ஊர் நடுவர்’ என்று சொல்வதைவிடக் கேவலமான வசவு உண்டா? அந்த ஊர்க்காரர்களுக்கு அது வசவு என்றே தெரியவில்லை. பாசத்தோடு அடித்திருக்கிறார்கள், பாவிகள்.

அது வந்த வாட்ஸப் குழுவிலேயே கீழே இன்னொருவர் எழுதியிருந்தார்: “நல்ல மனுசன். அந்த ஒரு பைனல் மட்டும் இல்லைன்னா தங்கம்.” இதற்கு முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். அந்த ஒரு பைனலைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாய் அந்த ஆட்டத்தை விற்றார் என்று நாலு வருடமாக உடன்குடியிலிருந்து பாபநாசம் வரை பேசினீர்கள். அவர் காதுபடவும் பேசினீர்கள். இன்றைக்கு அவர் இல்லை. கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்.

வெளியூர் ஆட்டம் ஊதப் போனால் பாய் ஒரு மணி நேரம் முன்னாலேயே மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வருவார். கோல் கம்பத்தையோ சுண்ணாம்புக் கோட்டையோ அதிகம் பார்க்க மாட்டார். ஊர்ச் சனம் எந்தப் பக்கம் உட்காரும், செண்டை மேளத்தை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள், சைலன்சரைக் கழற்றிய பைக்குகள் எந்த மூலையில் நிற்கின்றன, மைக்கில் வர்ணனை சொல்பவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துக்கொண்டே வருவார். சுற்றி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, “பிள்ளைவாள், நீரு அங்கன நில்லும்” என்று கூட்டம் அதிகமான பக்கத்தைக் காட்டுவார். ஒருமுறை, “ஏன் பாய், எப்பவும் என்னையே அடுப்புக்குள்ள தள்ளுதீரு?” என்று கேட்டேன். “மத்தவன் வெந்துருவான் வே. நீரு வேக மாட்டீரு” என்றார். அந்தப் பேச்சில் நான் பல வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

சொந்த ஊரில் ஆடுகிறவனுக்குச் சத்தம்தான் பன்னிரண்டாவது ஆள் என்று மைக்கில் முழங்குவார்கள். பாய்க்கு அந்தப் பேச்சே பிடிக்காது. “சத்தம் போயி பந்தை உதைக்குமா வே? அது நேரா வந்து நம்ம விசிலத்தான் உதைக்கும்” என்பார். யாராவது கீழே விழுந்தால் ஆயிரம் பேர் ‘ஏய்’ என்று எழுந்து நிற்பார்கள். அந்த ஏய்க்குப் பிறகு ஊதினால் ஊதியது நடுவர் இல்லை, அந்த ஆயிரம் பேர் என்பது அவர் கணக்கு. அதனால் கூட்டம் மூச்சை இழுப்பதற்குள் ஊதிவிடுவார். கூட்டம் முந்திக்கொண்டால், கண்ணால் பார்த்தது உறுதியாக இருந்தாலொழிய ஊதவே மாட்டார். இதற்காக வாங்கிய ஏச்சுகளை இங்கே எழுத முடியாது. தண்ணீர்ப் பாட்டில் வாங்கியிருக்கிறார், செருப்பு வாங்கியிருக்கிறார். ஓர் ஊரில் பஸ் ஸ்டாண்ட் வரை துரத்தினார்கள். மூச்சு வாங்க பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, “இன்னைக்கு நல்லா ஊதியிருக்கேன் போல” என்றார்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் உடைந்துபோனார். தொற்றுக் காலத்தில் ஆள் கூடக் கூடாது என்று கேட்டைப் பூட்டி ஓர் ஆட்டம் நடத்தினார்கள். இரண்டு அணி, நாங்கள் மூன்று பேர், காவலுக்கு ஒரு போலீஸ்காரர், அவ்வளவுதான். பந்து காலில் படும் சத்தமும் பையன்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்து பாய் பூட்ஸைக் கழற்றாமல் புல்லிலேயே உட்கார்ந்திருந்தார். “வெளியூர்க்காரனுக்கு நான் இன்னைக்கு ஒரு அட்டைகூடக் காட்டல வே. கவனிச்சீரா?” என்றார். அவர்கள் ஒழுங்காக ஆடினார்கள், அதனால் காட்டவில்லை என்றேன். “எப்பவும் இப்படித்தான ஆடுதாங்க? எப்பவும் அட்டை காட்டுதனே, ஏன்?” என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “இத்தன வருசம் நானும் கொஞ்சம் கொஞ்சம் உள்ளூர்க்காரனுவளுக்கு ஊதியிருக்கேன், பிள்ளைவாள். எனக்கே தெரியாம ஊதியிருக்கேன். இனி அப்படி ஊத மாட்டேன்.” தன் தப்பை யாரும் கண்டுபிடிக்காதபோது தானே கண்டுபிடித்துச் சொன்ன நடுவர் எவனாவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

அதற்கு மறுவருடம்தான் அந்தப் பைனல். இப்போது பிளெக்ஸ் அடித்திருக்கிற அந்த ஊர் மைதானத்தில், உள்ளூர் அணிக்கும் உடன்குடி அணிக்கும் ஆட்டம். இரண்டு வருடம் வீட்டுக்குள் கிடந்த சனம் அத்தனையும் கயிற்றுக்குப் பின்னால் நின்றது. செண்டைக்காரர்கள் என் முதுகுக்கு நாலு அடி பின்னால் நின்றார்கள். பாய் சுற்றி வந்து வழக்கம்போல என்னைத்தான் அங்கே நிறுத்தினார். “இன்னைக்குக் கூடுதலா கத்துவாங்க. பைய நின்னு பாத்தாப் போதும்” என்றார்.

ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது ஆட்டம். கடைசி நிமிடத்தில் உடன்குடிக்கு என் பக்கம் ஒரு கார்னர் கிடைத்தது. கார்னர் அடிக்கும்போது கொடிக்காரன் கோல் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும், நின்றேன். உடன்குடி கேப்டன் தலையால் முட்டினான். பந்து மேல்கம்பியில் பட்டு நேராகக் கீழே விழுந்தது. உள்ளூர் கோல்கீப்பர் அதை வாரி வெளியே இழுத்தான். பந்து விழுந்த இடத்தை அத்தனை நேராகப் பார்க்கிற இடத்தில் மைதானத்தில் நின்றவன் நான் ஒருவன்தான். கோல் என்றால் நான் கொடியைத் தூக்கி நடுக்கோட்டை நோக்கி ஓட வேண்டும். அந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஊரே ‘இல்லை’ என்று கத்தியது. யாரும் என்னைத் தொடவில்லை, மிரட்டவில்லை. வெறும் சத்தம்தான். பாய் என்னைப் பார்த்தார். நான் ‘இல்லை’ என்று தலையை ஆட்டினேன். அவர் என் தலையை நம்பி ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். அந்த வேகத்திலேயே உள்ளூர்க்காரன் பந்தைக் கொண்டுபோய் மறுபக்கம் கோல் போட்டான். கோப்பை உள்ளூரிலேயே தங்கியது.

அது கோல். பந்து கோட்டுக்குள் ஒரு சாண் தள்ளி விழுந்தது. நான் பார்த்தேன்.

இதைச் சொல்ல எனக்கு நாலு வருடமும் ஒரு சாவும் வேண்டியிருந்திருக்கிறது. கமிட்டிக்காரர்களைத் திட்டுவதற்கு முன்னால் என்னை நானே திட்டிக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் உடன்குடி கேப்டன் பாய் முன்னால் வந்து நின்று, “வெலைக்குப் போயிட்டீரே அண்ணாச்சி” என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. ‘கொடி எழும்பலடா, நான் என்ன செய்ய’ என்று பாய் சொல்லியிருக்கலாம். எல்லா நடுவர்களும் அப்படித்தான் கையைக் காட்டிவிட்டுப் போவார்கள். பாய் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பினால் நாலு பேர் கண் என் மேல் விழும் என்று அவருக்குத் தெரியும். நான் கொடியைச் சுருட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு தடவை கேட்டார். “பிள்ளைவாள், பந்து எங்கன விழுந்துச்சு?” சரியாகத் தெரியவில்லை என்றேன். “சரி வே” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. கடற்கரைப் பக்கத்துப் போட்டிகளுக்கு அவரைக் கூப்பிடுவது நின்றது. பிறகு இங்கேயும் நின்றது. ஒரு கல்யாணத்துக்கு உடன்குடிக்குப் பக்கத்திலுள்ள குலசேகரன்பட்டினம் போயிருந்தபோது பந்தியில் யாரோ, “பாய்க்கு ரெண்டு கறித்துண்டு கூட வைங்கப்பா, நமக்கும் ஊதுவாரு” என்று சொல்ல, சுற்றி உட்கார்ந்தவர்கள் சிரித்தார்களாம். சோற்றில் கை வைக்காமல் எழுந்து வந்துவிட்டார். அதன்பின் கடை உண்டு, வீடு உண்டு என்று இருந்தார். நான் வாரம் ஒருமுறை கடைக்குப் போய் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். வெட்கமில்லாமல் குடித்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ரஹ்மத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மெஷின்களுக்கு நடுவே நின்றபடியே கேட்டாள்.

“வாப்பாக்குத் தெரியும் மாமா. பஸ்லயே தெரிஞ்சிருச்சாம்.”

“அப்புறம் ஏன்மா வெளிய சொல்லல?”

“‘நெல்லையப்பன் யோக்கியன், ஒரு நாள் அவராவே வந்து சொல்லுவாரு’ன்னாங்க. ஒவ்வொரு வாரமும் நீங்க கடைக்கு வந்து போனதும் நான் கேப்பேன், சொன்னாரான்னு. இன்னும் இல்லம்பாங்க. வாப்பா நம்புனாங்க. நான் நம்பல.”

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பைனல் நடந்த அதே மைதானத்தில் பாய்க்கு அஞ்சலி செலுத்தி ஒரு நிமிடம் மௌனமாக நிற்கப்போகிறார்களாம். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கமிட்டிக்காரர்களுக்கு மனசாட்சி இருந்தால் முதலில் அந்தப் பிளெக்ஸைக் கழற்றட்டும். பிறகு கோப்பையைத் துடைத்து உடன்குடிக்கு அனுப்பட்டும். அனுப்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

உடன்குடிப் பிள்ளைகளே, அன்றைக்கு ஜெயித்தது நீங்கள். உங்களிடமிருந்து அதைப் பறித்தவன் நான். காஜா பாய் என் தலையை நம்பியதைத் தவிர வேறு எந்தத் தப்பும் செய்யவில்லை. அவருடைய விசிலையும் கடிகாரத்தையும் ரஹ்மத் தன்னிடமே வைத்துக்கொண்டாள், வைத்துக்கொள்ளட்டும். நான் எடுத்துக்கொள்வது நாலு வருடம் அவர் சுமந்த கெட்ட பெயரை மட்டும்தான். அது முதல் நாளிலிருந்தே என்னுடையது.