மூன்று தடவை கழித்தவர்

அப்போது திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி கிடையாது. வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்கு ஆஸ்பத்திரி வார்டில்தான் நான் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஊர் வலியசாலை அக்ரஹாரத்துக்காரன் நான், வீட்டில் தமிழ். வார்டில் மலையாளம் பேசினால்தான் டாக்டர் என்று எனக்கு ஒரு மிதப்பு.

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து காய்ச்சலோடு படுத்திருந்த ஒருவரிடம், "கழிச்சோ?" என்று கேட்டேன். மலையாளத்தில், சாப்பிட்டீரா என்று அர்த்தம்.

"மூணு தடவை கழிச்சேன்யா," என்றார்.

மூன்று வேளை சாப்பிட்டதாகக் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். பசி நன்றாக இருந்தால் பயமில்லை என்று மாணவர்களுக்குப் பாடமும் நடத்தினேன்.

மத்தியானம் அவர் கண் சொருகிக் கிடந்தார். "அவுக காலையிலயே சொன்னாவளே, மூணு தடவை வயித்தால போச்சுன்னு. ஒரு வாய் கஞ்சி குடிக்கலையே," என்று அவர் மனைவி அழுதாள்.

நான் மலையாளத்தில் கேட்டிருக்கிறேன். அவர் தமிழில் பதில் சொல்லியிருக்கிறார்.

நரம்பில் உப்புநீர் ஏற்றி ஒருவழியாகப் பிழைக்கவைத்தோம். தலைமை டாக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"அந்த ஷீட்டைக் கிழிச்சுக் களையும். ஸ்டூடன்ட்ஸ் கண்டால் பின்னே நமக்கு என்ன விலை?"

"கிழிக்க மாட்டேன் ஸார். அவா பார்த்தாத்தான் நாளைக்கு இதே தப்பைப் பண்ண மாட்டா."

ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்தேன். அதன்பின் எந்த மாணவர்கள் வந்தாலும் என் முதல் பாடம் அந்த ஷீட்தான். அடியிலிருக்கும் கையெழுத்தை ஒருநாளும் நான் விரலால் மறைத்துக் காட்டியதில்லை.